மீன் மணி கேட்கவில்லை

காத்தான்குடியில் கைறுன்னிஸாவின் வீட்டுக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தியதுமே ஹில்மிக்கு இரண்டு விடயங்கள் தெரிந்துவிட்டன. உள்ளே யாரோ அழுகிறார்கள். உள்ளே யாரோ இறால் பொரிக்கிறார்கள்.

"அக்கா, நீங்க அழுறவங்களப் பாருங்க. மத்தத நான் பாக்கன்" என்றான்.

கண்ணகை பையை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். அவளுக்கு ஆரையம்பதியில் கணினி திருத்தும் கடை. துப்பறிவது அவளாகத் தேடிக்கொண்ட வேலை இல்லை. கணினி பழுதென்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழுது வேறெங்கோ இருந்தது; அதையும் சேர்த்துப் பார்க்கப்போய் இப்படி ஆகிவிட்டது. ஹில்மி அவளுக்கு ஓட்டோ ஓடுகிறவன், கருவிப் பை சுமக்கிறவன். வாயை மட்டும் அவனாகவே இலவசமாகச் சேர்த்துக்கொண்டான்.

முன் அறையில் மேசைமேல் கணினி இருந்தது. பின்னால் கொட்டிலில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. கைறுன்னிஸா கணினிக்குக் காவல் நிற்பதுபோல் நின்றாள். ஐம்பது தாண்டிய, உயரமான பெண். இடுப்பில் வீட்டுச் சாவியெல்லாம் கோத்த ஒரு கொத்துத் திறப்பு. அவள் நெய்விக்கும் சாரிக்குக் கல்முனை வரை பெயர் உண்டு. அவளுக்கு எதிரே சுவரோடு ஒட்டிக்கொண்டு சஹ்லா. சாரிக்கு டிசைன் கீறுகிற பெண். மூக்குச் சிவந்து, தோளில் கைப்பையை மாட்டி, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றாள்.

"மூணு சாரி, தங்கச்சி!" என்று தொடங்கினாள் கைறுன்னிஸா. "என்ட தறியில ஏறுறதுக்கு முந்தி ஓட்டமாவடிக் கடையில தொங்குது. எல்லாம் இந்தக் கொம்பியூட்டருக்குள்ள இரிந்த டிசைன். இதுக்கு முன்னால குந்துற ஆள் ஆரு? இவதானே!"

"நான் குடுக்கல்ல ராத்தா. எத்தின தரம் சொல்ற?"

"பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னா நெசவுக்காரியள் வீட்ட போகத் தொடங்குவாளுகள். அதுக்கு முன்ன இவ எடுக்கல்ல எண்டு காட்டுங்க தங்கச்சி. இல்லாட்டி அவளுகள் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுத்தான் இவள அனுப்புவன்."

சஹ்லாவின் முகம் வெளிறியது. நெசவுக்காரிகளுக்கு முன்னால் சொன்னால் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் எந்தத் தறிக்காரரும் அவளைப் படியேற்ற மாட்டார்கள்.

கைறுன்னிஸா ஓட்டமாவடியில் வாங்கிவந்து மேசையில் போட்டிருந்த சாரியைக் கண்ணகை விரித்தாள். "சஹ்லா, இந்தக் கரைக்கு நீ என்ன நிறம் போட்ட?"

"பச்சை அக்கா."

சாரியின் கரை மாதுளம்பழச் சிவப்பில் பளபளத்தது.

"மாத்தினது நான்" என்றாள் கைறுன்னிஸா, கொஞ்சம் பெருமையோடு. "இவ கீறிப்போட்டு என்ட பெட்டிக்குள்ள போடுவா. நான் கடைசியா நிறம் மாத்துவன்."

பெட்டி என்றது கணினிக்குள் இருக்கும் ஒரு கோப்புறையை. அதைச் செய்து கொடுத்தவள் கண்ணகைதான். சஹ்லா தன் பெயரில் நுழைந்து அதற்குள் டிசைனைப் போடலாம். எடுத்துப் பார்க்க முடியாது. கைறுன்னிஸாவின் பெயரில் நுழைந்தால்தான் திறக்கும்.

"மாத்தின நிறத்த சஹ்லா எப்ப பாப்பா?"

"நூலுக்குச் சாயம் போட்டு வந்தாப் பொறகு."

"இந்தச் சாரிக்கு நூல் வந்திட்டா?"

கைறுன்னிஸா சாரியின் சிவப்புக் கரையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் இல்ல."

"அப்ப சஹ்லா வரப்போற நிறத்தக் கனவில கண்டு களவெடுத்திரிக்கா" என்றான் ஹில்மி. "இவவ வேலைய விட்டு அனுப்பாதீங்க சாச்சி. கிரிக்கெட் மெச்சுக்குக் கூட்டிப் போய் ஆரு வெல்லுவா எண்டு கேப்பம்."

"ஒளிஞ்சு நிண்டு பாத்திரிப்பா" என்றாள் கைறுன்னிஸா. கோபம் ஒரு முறை பிடித்துவிட்டால் அவ்வளவு லேசில் கையை எடுக்காது.

அந்த நேரம் அறையின் இடது பக்கத்துத் திரைச்சீலை அசைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "உம்மா, அவருக்கு ஒரு தேத்தண்ணியாம். இஞ்சி போட்டு."

கைறுன்னிஸாவின் குரல் சட்டென்று பஞ்சாகிவிட்டது. "இந்தா மகள், இப்ப தாறன்." விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள், அலுமாரியைத் திறந்தாள், நல்ல கோப்பையைத் துடைத்தாள், ஊற்றித் தட்டில் வைத்தாள். திரைக்குள்ளிருந்து வளையல் போட்ட கை ஒன்று வந்து தட்டை வாங்கிப் போனது.

கை மகள் பஸ்னாவுடையது. தேநீர் கேட்டவர் மருமகன் அஹமட். கட்டாரில் வேலை பார்த்துவிட்டு வந்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே மாப்பிள்ளையாகக் குடிவந்தவர். ஆறு மாதமாக ஒரே கூரை. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசியதில்லை. சண்டை இல்லை, மரியாதை. அவருக்கு என்ன வேண்டுமென்றாலும் பஸ்னாவிடம் சொல்லவேண்டும். பஸ்னா திரைக்கு இந்தப் பக்கம் சொல்வாள். மாமி திறப்பை எடுப்பாள். மருமகன் அடுப்படியில் கால் வைக்கமாட்டார். மருமகன் கேட்டதை இல்லை என்று சொல்வதும், ஏன் என்று கேட்பதும் மாமிக்கு அழகில்லை.

கண்ணகை அந்தத் தட்டுப் போன வழியையே பார்த்துச் சிரித்தாள். "ஹில்மி, சிஸ்டம் கோல் எண்டா என்ன எண்டு வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தியே. இப்ப கண்டிட்டா?"

"தேத்தண்ணியத்தான் கண்ட. அதுவும் எனக்கு வரல்ல."

"கொம்பியூட்டருக்குள்ள ஓடுற ஒவ்வொரு புரோகிராமும் ஒரு மருமகன். டிஸ்க், திரை, இன்டர்நெட் எல்லாம் அடுப்படி. அடுப்படித் திறப்பு மாமியிட இடுப்பில. அந்த மாமிக்குப் பேர் கேர்னல். ஒரு சின்ன பைல் திறக்கிறதெண்டாலும் புரோகிராம் தானாத் தொட ஏலாது. வாசல்ல வந்து கேக்கணும், கேட்டுப்போட்டு நிக்கணும். இது ஆர்ட பேரில ஓடுது, இந்தப் பெட்டியத் தொட இவருக்கு உரிமை இரிக்கா எண்டு கேர்னல் பாக்கும். இரிந்தாக் குடுக்கும். இல்லாட்டி இல்லையெண்டும். அப்பிடிக் கேக்கிறதுதான் சிஸ்டம் கோல்."

"மாமிக்குக் கோவம் வந்தா?"

"புரோகிராமச் சாகடிச்சுப்போடும்."

"அப்ப மாமிதான்" என்றான் ஹில்மி. பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"திரையில ஒரு புரோகிராம் என்ன வேஷமும் போடலாம்" என்று கண்ணகை கதிரையை இழுத்தாள். "வாசல்ல அந்த வேஷம் செல்லாது. பெட்டி வேணுமெண்டா 'பெட்டியத் திற' எண்டு கேட்டே ஆகணும். நான் இப்ப வாசல்ல குந்தப்போறன். ஆர் ஆர் வந்து என்னென்ன கேக்கிறாங்க எண்டு பாப்பம்."

முதல் வேலையாக இணைய வயரைக் கழற்றினாள். பிறகு சஹ்லாவின் பெயரில் நுழைந்து, ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஏதோ தட்டினாள். வரிகள் ஓடத் தொடங்கின. டிசைன் கீறும் புரோகிராம் தனக்குச் சொந்தமானதை மட்டும் கேட்டது. கணக்குப் புரோகிராம் தூங்கியது. கொஞ்ச நேரம் யாரும் மவுஸைத் தொடாமல் இருக்க, திரையின் ஒரு பக்கம் நீலமாகியது. ஒரு மீன்தொட்டி. மஞ்சள் மீன் ஒன்று வாலை ஆட்டி ஆட்டி நீந்தியது. தொட்டியின் மூலையில் அழகாக மணியும் காட்டியது.

கண்ணகை அந்த மீனின் பின்னால் போய்க் குந்தினாள். வரிகளைத் தமிழில் வாசித்தாள்.

"மீன் கேக்குது: என்ட படத்தத் திற. கேர்னல்: இந்தா. மீன்: திரையில போடு. கேர்னல்: சரி. மீன்: கொஞ்சம் நித்திரை கொள்றன், எழுப்பிவிடு. கேர்னல்: சரி."

"நல்ல குணமான மீன்."

"பொறு. மீன் கேக்குது: ராத்தாட பெட்டியத் திற."

ஹில்மி குனிந்து கணினிக்குக் கிட்டப் போனான்.

"கேர்னல்: அனுமதி இல்லை."

"மீனுக்கு என்னத்துக்கு அக்கா சாரி?" என்றான் ஹில்மி. "உடம்பு முழுக்கச் செதில் தந்தும் போதாதா?"

"ராத்தா, இப்ப நீங்க உங்கட பேரில வாங்க."

கைறுன்னிஸா முக்காட்டுத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு ஒற்றை விரலால் பாஸ்வேர்ட் தட்டினாள். தட்டுகிறது யாருக்கும் தெரியவில்லை. மீன் மறுபடி வந்து வாலை ஆட்டியது.

"மீன்: ராத்தாட பெட்டியத் திற. கேர்னல்: இந்தா. மீன்: வாசிக்கணும். கேர்னல்: வாசி. மீன்: வெளிய அனுப்ப ஒரு வழி தா. கேர்னல்: வழி இல்ல." கண்ணகை கழற்றிய வயரை ஆட்டிக் காட்டினாள். "இது மட்டும் இரிந்திருந்தா இந்நேரம் உங்கட புது டிசைன் ஓட்டமாவடிக்குப் பஸ் ஏறியிருக்கும். பாத்தீங்களா ராத்தா, சஹ்லாட பேரில கேட்டா கேர்னல் முகத்திலடிச்சாப்போல இல்லையெண்டுது. உங்கட பேரில கேட்டாத்தான் குடுக்குது. இந்த மீன உங்கட பேரில ஆர் போட்டது?"

கைறுன்னிஸா கதிரையின் கையைப் பிடித்தாள். "பாஸ்வேர்ட் நான்தான் போட்ட. மீனப் போடக்குள்ள அது கேட்டிச்சு, போட்டன்." குரல் இறங்கியது. "மருமகன் கேட்டாராம். கட்டார்ல அவர்ட ஒபிஸில இப்பிடி ஒரு மீன் இரிந்ததாம், பாத்தா மனசுக்கு நல்லமாம். மருமகன் கேட்டா ஏன் எண்டு கேக்கிறதா?"

எல்லோரும் திரைச்சீலையைப் பார்த்தார்கள். அது ஒன்றும் தெரியாததுபோல் தொங்கியது.

கைறுன்னிஸா நீண்ட மூச்சு விட்டாள். பிறகு ஹில்மி எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"இத இதோட விட்டிருவம் தங்கச்சி. மருமகன்ட பேர் வெளிய வந்தா என்ட மகள்ட வாழ்க்கை என்னாகும்? மீன அழிச்சுப்போடுங்க. சஹ்லா போகட்டும். வேற எங்கையாலும் வேலை பாத்துக் குடுப்பம்."

"ராத்தா!" சஹ்லாவின் குரல் உடைந்தது. "நான் எடுக்கல்ல எண்டு இப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு கொண்டுமா?"

கைறுன்னிஸா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹில்மிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மீனைப் பார்த்தான், அதன் பக்கத்தில் ஓடும் வரிகளைப் பார்த்தான். படம், திரை, நித்திரை, பெட்டி. படம், திரை, நித்திரை, பெட்டி. ஏதோ ஒன்று குறைந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம். மூலையில மணி காட்டுதே. மணியும் கேர்னல்ட கேட்டுத்தானே தெரியணும்? இவ்வளவு நேரமா இந்த மீன் ஒருக்காக் கூட மணி என்ன எண்டு கேக்கல்லையே. ஆரிட்டக் கேட்டு மணி காட்டுது?"

"அது வாசலுக்கு வராது" என்றாள் கண்ணகை, மனம் வேறெங்கோ இருக்க. "புரோகிராம் நேராக் கேர்னல்ட பேசுறது குறைவு. நடுவில ஒரு ஆள் நிக்கும். கேள்விய ஒழுங்காக்கிக் கொண்டுபோய்க் குடுக்கும், பதிலக் கொண்டுவரும். மணி கேக்கிறது ஓயாத வேலை எண்டு கேர்னலே ஒரு மணிக்கூட்டத் திரைச்சீலைக்கு அங்கால, புரோகிராம்ட பக்கம், மாட்டிவிட்டிரிக்கு. நடுவில நிக்கிற ஆள் அதப் பாத்துப்போட்டு, வாசலுக்கே போகாம, தானே பதில்..."

நிறுத்தினாள்.

"...தானே பதில் சொல்லிரும்" என்று மெதுவாக முடித்தாள். கண்கள் திரைச்சீலைக்குப் போயின. "ராத்தா, மீன் வேணும் எண்டு மருமகன் கேட்டத உங்கட காதால கேட்டீங்களா?"

"எப்பிடிக் கேக்கிற? மகள் வந்து சொன்னா."

கண்ணகை ஹில்மியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் கண் விரிய வெளியே போனான்.

அஹமட் முன் விறாந்தையின் அந்தக் கோடியில் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஓட்டோவில் ஒரு சத்தம் வருகிறது, வந்து கேட்டுச் சொல்லுங்கள் என்று ஹில்மி அவரை எழுப்பினான். ஓட்டோவைக் கடந்து, மதிலைச் சுற்றி, கிணற்றடியால் அந்த அறையின் பின்வாசலுக்கு அவரைக் கூட்டிவந்தபோது, "ஓட்டோ முன்னுக்குத்தானே நிக்குது?" என்று அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். ஹில்மி உதட்டில் விரலை வைத்தான்.

உள்ளே கண்ணகையின் குரல் கேட்டது. "ராத்தா, மருமகனுக்கு இராவைக்கு என்ன சமைக்கிற எண்டு கேளுங்க."

"இப்ப என்னத்துக்கு?"

"கேளுங்களன்."

"மகள்! மருமகனுக்கு இராவைக்கு என்ன வேணுமாம்?"

திரைக்குப் பின்னால் காலடி ஓசை தூரமாகப் போனது. ஒரு முணுமுணுப்பு. காலடி ஓசை திரும்பி வந்தது. ஒருவரிடம் போய்க் கேட்டுவர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு பஸ்னாவின் குரல், சுத்தமாக, அச்சொட்டாக:

"உம்மா, அவருக்கு இறால் பிரியாணியாம். முட்டையும் அவிச்சுப் போடட்டாம்."

பின்வாசலில் அஹமட் விறைத்துப்போய் நின்றார். கைறுன்னிஸா திரும்பினாள், அவரைக் கண்டாள், முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தார். ஆறு மாதத்து மரியாதை குறுக்கே நின்றது. அதை ஒருவழியாகத் தாண்டினார்.

"மாமி" என்றார். "எனக்கு இறால் ஆகாது. சாப்பிட்டா மேலெல்லாம் தடிக்கும்."

கைறுன்னிஸாவும் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப வெள்ளிக்கு வெள்ளி சமைச்சு அனுப்பினது?"

"பஸ்னா சாப்பிடுவா. எனக்குப் பருப்பும் சோறும்."

"ஏசி பூட்டச் சொன்னீங்களே மகன்?"

"எனக்குக் குளிர் ஒத்துக்கொள்றல்ல மாமி. ரெண்டு போர்வை போத்துறன்."

"நுவரெலியாவுக்குப் போகணும் எண்டது?"

"அதுவும் குளிர்தானே மாமி."

"இந்த மீன்?"

அஹமட் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "என்ன மீன்?"

"பாவம் மனிசன்" என்றான் ஹில்மி. "ஆறு மாசமா ராசா மாதிரி வாழ்ந்திரிக்கார், அவருக்கே சொல்லல்ல."

திரைச்சீலை விலகியது. பஸ்னா வெளியே வந்தாள். தாயின் உயரம், தாயின் நாடி. பயந்த முகம்தான், ஆனால் குனியவில்லை.

"எனக்கெண்டு கேட்டா நீங்க என்னத்தத் தந்தீங்க உம்மா?" என்றாள். "ஒரு தறி கேட்டன். 'நீ மாப்பிள்ளையக் கவனி' எண்டீங்க. ஒரு டிசைன் கீறிக் காட்டினன், பாக்காமலே மடிச்சு வச்சீங்க. அவருக்கெண்டு கேட்டா மட்டும் கேட்டு முடிக்க முந்தி வரும். பொறகு நான் என்னத்துக்கு என்ட பேரில கேக்க?"

ஓட்டமாவடிக் கடை அவளோடு படித்த நிஸ்றாவுடையது. அதில் பாதி பஸ்னாவுடையது என்பது நிஸ்றாவையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. மீனை எங்கிருந்தோ பிடித்து அனுப்பியவள் நிஸ்றா. அதைத் தொட்டியில் விட்டவள் பஸ்னா. பூட்டைத் திறந்து கொடுத்தவள் மட்டும் கைறுன்னிஸா.

கைறுன்னிஸா மகளை நோக்கி இரண்டு அடி வைத்தாள். அடிக்கப்போகிறாள் என்று ஹில்மி நினைத்தான்.

"வித்திச்சா?" என்று கேட்டாள்.

"ஓம் உம்மா. எல்லாம் முடிஞ்சிட்டு. சிவப்புக் கரைதான் முதல்ல முடிஞ்ச."

"சிவப்பு நான் போட்டது" என்றாள் கைறுன்னிஸா. சொன்ன பிறகுதான் தனக்குக் கோபம் என்பது நினைவு வந்து முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அஸர் பாங்கு எழுந்தது. கொட்டிலில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. செருப்புத் தேடும் சத்தம், சிரிப்பு, பை எடுக்கும் சத்தம்.

"ராத்தா, நேரமாகுது" என்றாள் கண்ணகை.

"என்ட மகளச் சந்திக்கு இழுக்கச் சொல்றீங்களா தங்கச்சி?"

"மகள உள்ளுக்க வச்சுப் பேசுங்க. சஹ்லா எடுக்கல்ல எண்டு மட்டும் வெளிய சொல்லுங்க. போதும்."

கைறுன்னிஸா தலையாட்டினாள். பழக்கம் விடவில்லை. "பஸ்னா, நீ போய்ச் சொல்லு. சஹ்லாவில பிழையில்ல எண்டு உம்மா சொன்ன எண்டு..."

"அவ வேணாம்" என்றாள் சஹ்லா. அவள் அவ்வளவு உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. "காலையில களவெடுத்தவள் எண்டு நீங்கதானே உங்கட வாயால சொன்ன. நீங்களே சொல்லுங்க."

கைறுன்னிஸா அவளைப் பார்த்தாள். இந்த முறை முகத்தையே பார்த்தாள். பிறகு கொட்டில் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஒருத்தரும் போகாதீங்க. ஒரு சொல் இரிக்கி." பெண்கள் செருப்புகளோடு நின்றார்கள். "சாரி டிசைன் போனது என்ட கைப் பிழையால. என்ட வீட்டுக்குள்ள நடந்த விசயம். சஹ்லா ஒண்டும் எடுக்கல்ல. எடுத்தவள் எண்டு நான் சொன்னது பொய்."

பிறகு வாசலோரத் தறிக்காரி ஒருத்தி பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க காலையில போட்ட சத்தம் இங்க வரைக்கும் கேட்டிச்சு ராத்தா. அவ எடுக்கல்ல எண்டு விடியத் தொட்டு நாங்க சொல்றம். தறிச் சத்தத்தில உங்களுக்குக் கேக்கல்ல."

சிரித்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். போகிற போக்கில் இரண்டு பேர் சஹ்லாவின் தோளைத் தட்டினார்கள். ஒருத்தி அவளுடைய முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள்.

சஹ்லா மூக்கைத் துடைத்து, கைப்பையைச் சரியாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்க போறாய் புள்ள?" கைறுன்னிஸா பதறினாள். "அதுதான் எல்லாம் முடிஞ்சிட்டே!"

"உங்களுக்கு முடிஞ்சிட்டு ராத்தா. நான் விடியத் தொட்டு அழுதுகொண்டு இரிந்ததால கோவப்பட நேரம் கிடைக்கல்ல. இனித்தான் தொடங்கணும். நாளைக்கு வேலைக்கு வாறன்."

சஹ்லா ஓட்டோவில் ஏறி, கிளம்பத் தயாராக இருந்த கண்ணகைக்குப் பக்கத்தில் இருந்தாள். வாயை இறுக்கி மூடி, நேரே முன்னால் பார்த்தாள். ஹில்மி கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்து, ஓட்டோவை முறுக்கினான்.

"வாவிக்கரையால சுத்திப் போவமா தங்கச்சி? நல்ல காத்து."

"வேணாம் ஹில்மி நானா" என்றாள் சஹ்லா. "காத்துப் பட்டாக் கோவம் ஆறிரும்."